கோகிலவாணியின் டெஸ்ட் டிரைவ்

"பதினஞ்சே நிமிஷம் சார், ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் கார் ஷோரூம் பெண் ஆக்னஸ் அந்தச் சின்ன வண்டியை வெளியே எடுத்தாள். பக்கத்துச் சீட்டில் கோகிலவாணி. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வண்டி மெதுவாகத் திரும்பி, அவிநாசி ரோட்டின் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவில் நுழைந்து, பாலத்துத் தூண்களுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் தெய்வசிகாமணி நின்றுகொண்டே பார்த்தார். மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. தானே ஓட்டுகிறவள் மாதிரி கழுத்தைக் கொஞ்சம் நீட்டி, ரோட்டை மட்டும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு அவர் சோபாவுக்கு வந்தார். மடியில் அவளுடைய கைப்பை. வலது பக்கம் அவளுடைய சக்கர நாற்காலி, காலியாக, அவள் எழுந்துபோன பள்ளம் இருக்கையில் இன்னும் நிமிராமல். எழுந்துபோன என்று மனசு சொல்லிக்கொண்டது உறுத்தியது. எங்கே எழுந்தாள்? இவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, ஆக்னஸ் முழங்காலுக்குக் கீழே ஏந்திக்கொள்ள, இரண்டு பேருமாகச் சேர்ந்து சீட்டில் வைத்தார்கள். வைத்தார்கள். குண்டாவை அடுப்பில் வைக்கிற மாதிரி. சரி, அதை விடு. இந்தப் பதினைந்து நிமிஷத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும், அதுதான் இப்போதைக்கு வேலை. சின்னதா, பெரியதா. திருச்செங்கோட்டில் மூன்று போர்வெல் வண்டி வைத்திருக்கிற ஆள், வயசில் பாதியை மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் பாறையைத் துளைத்தே கழித்தவர், மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தே இங்கே இறக்கு, இங்கே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறவர். அவருக்கு ஒரு காரைத் தேர்ந்தெடுக்கப் பதினைந்து நிமிஷமே அதிகம்.

சின்னதை அவள்தான் ஆசைப்பட்டாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், உடம்பு நன்றாக இருந்தபோது, அவளாகவே கோயமுத்தூர் வந்து, அவளாகவே பார்த்து, அவளாகவே புக் பண்ணிவிட்டு, ராய்ப்பூர்ப் பக்கம் சைட்டில் நின்றுகொண்டிருந்த இவருக்குப் போன் போட்டாள். "ஏனுங்க, நான் ஒரு வண்டி புக் பண்ணிப் போட்டேன். திட்டாதீங்க." கம்ப்ரசர் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. என்ன வண்டி என்று கத்தினார். "சின்னதுதானுங்க. ஆனா ஒசத்தி வண்டி. வால்பாறைக்கு நானே ஓட்டிட்டுப் போகோணும். நாப்பது கொண்டை ஊசி வளைவாமா. நாப்பதையும் நானே திருப்போணும். இது பூனையாட்டத் திரும்புதுங்க." ஆகட்டும் ஆகட்டும், அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டார். அப்புறம் பேசவே இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய வண்டி, புது மாடல் வரப்போகிறது பொறுங்கள் என்றார்கள், பிறகு கப்பல் தாமதம் என்றார்கள், தள்ளித் தள்ளி, போன வாரம்தான் ஆக்னஸ் கூப்பிட்டாள், மேடம் உங்க வண்டி ரெடி என்று. போனை எடுத்தது இவர். விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயசிருக்கும், இந்த வேலையில் பழுத்தவள். பிறகு, "அதே புக்கிங்கைப் பெரிய வண்டிக்கு மாத்திக்கலாம் சார், மேடத்தையும் கூட்டிட்டு ஒருக்கா நேர்ல வாங்க" என்றாள். வந்தாயிற்று. பெரியது இதோ எதிரில் நிற்கிறது, கறுப்பாக, மூன்று வரிசை, ஏழு சீட், கதவைத் திறந்தால் படி தானாக வெளியே வருகிறது. நேற்று ஸ்டீல் டேப்பை வைத்து நாற்காலியை அளந்து ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார். அது சட்டைப்பையில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கத் தேவையில்லை, மனப்பாடம். சின்ன வண்டியின் சீட்டும் நாற்காலியின் சீட்டும் ஏறக்குறைய ஒரே உயரம், பலகையைப் போட்டு நகர்த்தினால் வழுக்கிக்கொண்டு போய்விடுவாள், தூக்க வேண்டியதில்லை. ஆனால் டிக்கியில் நாற்காலி போகாது, சக்கரத்தைக் கழற்றித்தான் திணிக்க வேண்டும். பெரியதில் சீட் இடுப்பு உயரம். பட்டனை அழுத்தினால் வண்டி ஒட்டகம் மாதிரி தாழ்ந்து கொடுக்கும் என்றாள் ஆக்னஸ், தாழ்ந்தாலும் ஒரு முழமாவது தூக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குள்ளே எல்லாம் போகும். இந்த நாற்காலி போகும், இனிமேல் வரப்போகிற நாற்காலியும் போகும், தலைக்கு முட்டுக்கொடுக்கிற, பேட்டரியில் ஓடுகிற அந்த நாற்காலி. நடு வரிசைச் சீட் படுக்கையாகச் சாயும். மூச்சுக்கு உதவுகிற மெஷினை மாட்ட பிளக் பாயின்ட் இருக்கிறது. இன்றைக்கு இருக்கிற கோகிலாவுக்குச் சின்னது சரி. அடுத்த வருஷத்துக் கோகிலாவுக்குப் பெரியது. இதை இப்படி மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். அவர் எதிரில் நின்ற கறுப்பு வண்டியை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். தரை பளிங்கு மாதிரி இருந்தது, அதிலும் அந்த வண்டிதான் தெரிந்தது.

முதலில் செருப்புதான். ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபம், சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து காரில் ஏறப்போகும்போது பார்த்தால் அவளுடைய வலது காலில் செருப்பு இல்லை. எங்கே விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "வெறுங்கால்ல நடக்கறது கூடவா தெரியல? கண்ணு எங்க இருக்குது உனக்கு?" என்று இவர் சிரித்தார், சிரிப்புத்தான் அது, திட்டு இல்லை. அவளும் சிரித்தாள். திரும்பிப் போய்ப் பார்த்தார்கள், பந்திக்கும் வாசலுக்கும் நடுவில், எல்லாரும் நடக்கிற வழியில் கிடந்தது, யாரோ ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தார்கள். அப்படியே மறந்துபோனது. அதற்கு ஒரு மாசம் கழித்து அந்தக் கேட். அதை நினைக்கக்கூடாது என்று நினைத்தால் அதுதான் வரும். வீட்டு வாசலில் பழைய காரை உள்ளே விடும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் நேராகக் கேட்டுத் தூணில் கொண்டுபோய் இடித்தாள். இடித்த பிறகும் கால் எடுபடவில்லை, என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது, தூண் சாய்ந்து அதன்மேல் இருந்த விளக்கு உடைந்து விழுந்தது. அன்றைக்குத்தான் இவர் ஊருக்கு வந்திருந்தார். போர்வெல் ரிக் டிரைவர்கள், ஹெல்ப்பர்கள், டீசல் கொண்டுவந்த ஆள், ஆறேழு பேர் முற்றத்தில் நிற்கிறார்கள். "அறிவிருக்குதாடி உனக்கு? பிரேக் எது, ஆக்சிலேட்டர் எதுன்னு தெரியாதவளுக்கு எதுக்கு ஸ்டீரிங்கு?" என்று கத்தினார். டி போட்டு. இருபத்தேழு வருஷத்தில் ஆள் முன்னால் அவளை டி போட்டதில்லை. அவள் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை. கோபித்துக்கொண்டு இறங்காமல் இருக்கிறாள் என்று நினைத்து இவர் உள்ளே போய்விட்டார். அந்தக் கால் தரையில் ஊன்றவில்லை என்பதை, இறங்கினால் விழுந்துவிடுவோம் என்று பயந்துதான் அவள் உட்கார்ந்திருந்தாள் என்பதை, நாலு மாசம் கழித்துப் பெங்களூருக்குப் போகிற வழியில் சொன்னாள். அதுவும் குறையாகச் சொல்லவில்லை. "அன்னைக்கே பாருங்க, கால் சொன்ன பேச்சைக் கேக்கல" என்றாள், ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி. பதினெட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவள். இவர் சத்தீஸ்கரில் இருக்க, சேலத்தில் லேடீஸ் டிரைவிங் ஸ்கூலில் போய்க் கற்றுக்கொண்டு, மகளைப் பள்ளிக்கூடத்துக்கும் பாட்டுக் கிளாசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனவள், மழையில் சங்ககிரிக் கணவாயில் பஞ்சரான டயரைத் தானே மாற்றினவள். அவளைப் பார்த்து, பிரேக் எது ஆக்சிலேட்டர் எது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது? அப்போது வியாதி என்று தெரியாது என்று ஆரம்பிக்க வேண்டும். அப்படியானால் வியாதி இல்லாத பெண்டாட்டியை டி போட்டுக் கத்தலாமா என்று மனசே திருப்பிக் கேட்கிறது. அந்த இடத்தில் போய் நிற்கிறது. பாறையில் துளைக்கிற பிட் மாட்டிக்கொண்ட மாதிரி, மேலேயும் வராது, கீழேயும் போகாது.

இருபது நிமிஷம் ஆகிவிட்டிருந்தது. டிராஃபிக்காக இருக்கும். யாரோ ஒரு பெண் காப்பி கொண்டுவந்து வைத்தாள், நுரையின்மேல் இலை மாதிரி ஒரு கோலம். ஏசி எலும்பில் இறங்கியது. புதுத் தோலும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை, அது பெங்களூர் ஆஸ்பத்திரியின் வாசனை மாதிரி இல்லை, ஆனாலும் அங்கேயும் இப்படித்தான் சோபா, இப்படித்தான் கண்ணாடி, இப்படித்தான் மெல்லிய குரலில் பேசுகிற ஆட்கள். கையிலும் காலிலும் ஊசியைக் குத்திக் குத்தி, கம்ப்யூட்டரில் கோடு ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் உட்காரவைத்துத்தான் டாக்டர் சொன்னார். மோட்டார் நியூரான் என்றார். மூளையிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகிற நரம்பு ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டு வருகிறது, அறிவு அப்படியே இருக்கும், ஞாபகம் அப்படியே இருக்கும், உணர்ச்சி அப்படியே இருக்கும், அசைவு மட்டும் போகும் என்றார். முதலில் கால், பிறகு கை, பிறகு நாக்கு, அப்புறம் மூச்சு. சேலத்துக்காரர், நல்ல தமிழ். இவர் கேட்டார், வேற ஏதாச்சும் பண்ணலாமுங்களா டாக்டர், வெளிநாட்டுல, எங்கியாச்சும், எவ்வளவு தூரமானாலும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இல்லை என்று மெதுவாகத் தலையாட்டினார். அந்த முகம் இவருக்குத் தெரிந்த முகம். ஆயிரத்து இருநூறு அடி போட்டுப் புழுதியைத் தவிர ஒன்றும் வராத குழிக்கு முன்னால், "இன்னும் நூறு அடி போட்டுப் பாக்கலாமுங்களா?" என்று கேட்கிற விவசாயியிடம் இவர் எத்தனையோ தடவை காட்டிய முகம். அந்த விவசாயிகளை நினைத்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெட்கமாக இருந்தது. அவர்கள் தண்ணீரையா கேட்டார்கள், ஒரு வார்த்தைக்காக நம்மையே பார்த்துக்கொண்டு நின்றார்களே. எத்தனை நாள் என்று இவர் கேட்கவில்லை. கோகிலாதான் கேட்டாள். "எவ்வளவு நாளைக்குங்க டாக்டர்?" ரெண்டு வருஷம், மூணு வருஷம், சில பேர் அதற்கு மேலும். அவள், "மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைங்க" என்றாள். திரும்பி வரும்போது கிருஷ்ணகிரியில் சாப்பிட நிறுத்தினார்கள், ரெண்டு பேரும் நெய் ரோஸ்ட் சாப்பிட்டார்கள், ரொம்ப முறுகலாக இருந்தது, நல்லா இருக்குது என்று சொன்னாள். அந்த நாளில் ஞாபகம் இருக்க வேறு எவ்வளவோ இருக்க, அந்த ரோஸ்ட் ஏன் நிற்கிறது?

திடீரென்று பாட்டு போட்டார்கள். பெரிய வண்டிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு குடும்பம் புது வண்டி எடுக்கிறது, சிவப்புத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள், கேக் வந்தது, சந்தனம் குங்குமம் வந்தது, நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம். பட்டுப்புடவையில் ஒரு அம்மாள், ஜிப்பாவில் ஒருத்தர், மகள் மருமகன் என்று ஒரு கூட்டம், போட்டோ எடுக்கிற ஆள் பின்னால் பின்னால் நகர்ந்து வந்து, நின்று, கேமராவிலிருந்து கண்ணை எடுத்து இவர் பக்கம் பார்த்தான். ஷோரூம் ஆள் ஒருவர் குனிந்து வந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க சார். அந்தச் சேரை மட்டும் கொஞ்சம் ஓரமா... போட்டோவுல விழுதுங்களாம்." சரிங்க சரிங்க என்று இவரே எழுந்து தள்ளினார். குற்றம் செய்தவர் மாதிரி அவசரமாகத் தள்ளினார். கறுப்பு வண்டிக்குப் பின்னால், தூணோரம், யாருக்கும் தெரியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். நல்ல நாளில் அவர்களுக்கு ஏன் இது கண்ணில் படவேண்டும், நியாயம்தான். அவர்கள் மேல் கோபம் இல்லை. கோகிலா உட்கார்ந்திருக்கும்போது இதையே கேட்டிருப்பார்களா என்று யோசித்தார். கேட்டிருக்க மாட்டார்கள், போட்டோவை வேறு பக்கமாக எடுத்திருப்பார்கள், அவள் புரிந்துகொண்டு, "ஏனுங்க, என்னைக் கொஞ்சம் அந்தாண்ட தள்ளுங்க" என்று அவளே சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாள், நிச்சயமாக. போன ஐப்பசியில் தங்கச்சி மகன் கல்யாணத்தில் அப்படித்தான் சொன்னாள். இவரும் தள்ளினார். ஏன் தள்ளினார்? மறுக்க வேண்டாமா? நீ இங்கேதான் இருப்பாய் என்று ஒரு வார்த்தை. சோபா தூரத்தில் இருந்தது. அவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

ஏழு மாசமாக வீட்டில் இருக்கிற நாற்காலி. மடக்கியிருக்கிறார், விரித்திருக்கிறார், எண்ணெய் போட்டிருக்கிறார், ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. இருக்கை தொய்ந்து இரண்டு பக்கமும் தொடையை நெருக்கியது. உலகம் ஒரு முழம் மேலே போய்விட்டது. எதிரில் கறுப்பு வண்டியின் கதவுப்பிடி கண்ணுக்கு நேராக, ஜன்னல் அதற்கும் மேலே, அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. நின்றுகொண்டு பார்க்கும்போது கம்பீரமாக இருந்த வண்டி இங்கிருந்து பார்த்தால் மதில்சுவர். இதில்தான் அவளைத் தினமும் ஏற்றப்போகிறோம், யாரோ ரெண்டு பேர் பிடித்து, காற்றில் ஒரு நொடி தொங்கவிட்டு. தூக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வதை இவர் கவனித்திருக்கிறார், வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்பாள். ஆட்கள் நடந்து போனார்கள், எல்லாருடைய இடுப்பும் பெல்ட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை. ஏழு மாசமாக அவள் இவருடைய பெல்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. மடியில் பை அதிர்ந்தது. அவளுடைய போன். மகள் மிருதுளா, ஹைதராபாத்திலிருந்து. "அம்மா எங்கப்பா?" டெஸ்ட் டிரைவ் போயிருக்கிறாள் என்றார். "எந்த வண்டில?" சின்னதில் என்றார். மிருதுளா பெருமூச்சு விடுவது கேட்டது. "அப்பா, பேசி முடிச்சதுதான? பெரிசுதான் சரி. அம்மாவைப் படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி ஆகும். அதுவுமில்லாம அப்புறம் உங்களுக்கு சைட்டுக்குப் போகவும் உதவும்." சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். அந்தச் சொல் எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. "அப்பா, நான் அப்படிச் சொல்லல" என்று அழ ஆரம்பித்தாள், ஆபீஸில் இருக்கிறாள், வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள் என்று தெரிந்தது. "தெரியும் கண்ணு. தெரியும். வெச்சுடு, அம்மா வந்ததும் பேசச் சொல்றேன்."

அப்புறம். மகள் சொன்னதில் தப்பில்லை, ஏனென்றால் அதை இவர் முன்னாலேயே நினைத்திருந்தார். முந்தாநாள் குளித்துக்கொண்டிருக்கும்போது, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தன்னைக் கேட்காமலே அந்த நினைப்பு வந்தது, பெரிய வண்டி என்றால் பின்னால் சைட்டுக்கும் ஆகும், கரடுமுரடில் நன்றாகப் போகும். வந்த மாத்திரத்தில் செம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். உயிரோடு இருக்கிறவளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு. அடுத்த அறையில் அவள் பிசியோதெரபி பெண்ணுடன் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள், நாக்கு கொஞ்சம் தடிக்கத் தொடங்கியிருந்தது, ஆனாலும் சிரிப்பு பழைய சிரிப்புத்தான். அன்றிலிருந்து பெரியது வேண்டாம் என்று ஒரு பிடிவாதம், சின்னதே எடுத்துவிடுவோம், அவள் கேட்டது, அவள் பெயரில் வந்தது. எடுத்து? வீட்டு வாசலில் நிறுத்தி, ஜன்னல் வழியாக அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வால்பாறைக்குக் கூட்டிப்போகலாம், இவர் ஓட்ட, பக்கத்தில் அவள், நாப்பது வளைவையும் இவர் திருப்ப. இவருக்கு லாரி ஓட்டத்தான் வரும், காரையும் லாரி மாதிரியே ஓட்டுவார், அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அதற்கு உன் ஆசை நடக்காது என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவது தேவலாம். மணி பார்த்தார். நாற்பத்தைந்து நிமிஷம். நாற்பத்தைந்து! ஆக்னஸ் கொடுத்த கார்டைத் தேடி எடுத்து நம்பரைப் போட்டார், அடித்து அடித்து நின்றது. மறுபடி. எடுக்கவில்லை. பிரேக் போட்டிருப்பாள், கோகிலாவுக்கு முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்ளக் கையில் பலமில்லை, பெல்ட் போட்டார்களா? போட்டது இவர்தான், இவரே இழுத்துச் செருகினார், டிக் என்று சத்தம் கேட்டது. கேட்டதா? பாட்டுச் சத்தத்தில் கேட்டதா? பாட்டு அப்போது போடவில்லையே. தண்ணீர் குடித்திருப்பாள், புரையேறியிருக்கும், இப்போதெல்லாம் தண்ணீர்தான் ஆபத்து, பொடி கலந்து கெட்டியாகக் கொடுக்க வேண்டும், அது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும், சொல்லவில்லையே. வண்டியின் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கும், உள்ளே அவள் இருமுவாள், இரும வராது, முகம் கறுக்கும், ஆக்னஸ் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பாள். அவர் எழப்போனார், நாற்காலி பின்னால் உருண்டு, மறுபடி உட்காரவைத்தது. பிரேக்கை மாட்டவில்லை. வாசல் செக்யூரிட்டி ஓடிவந்தார், வயசான மனிதர், நெற்றியில் திருநீறு. "இருங்க சார், இருங்க, எந்திரிக்காதீங்க. எங்க போகோணும்? நான் தள்ளி விடறேன்." இல்லீங்க, இது என்னுது இல்லீங்க என்று சொல்ல வாயெடுத்தார். அப்படிச் சொன்னால் என்னவோ அவளைக் கைவிட்ட மாதிரி ஆகும் என்று பட்டது. "வாசலுக்குத் தள்ளுங்க" என்றார். அந்த மனிதர் பதனமாகத் தள்ளிக்கொண்டு போனார், வாசல் சாய்தளத்தில் பின்பக்கமாகத் திருப்பி இறக்கினார், "எத்தனை நாளாச்சுங்க சார் கால் இப்படி?" என்று கேட்டார். தெய்வசிகாமணி, "பதினாலு மாசமுங்க" என்றார். வெயில் முகத்தில் அடித்தது. கண்ணீர் வந்தது அந்த வெயிலால்தான் என்று அந்த மனிதர் நினைத்திருக்கக்கூடும், குடையை எடுத்துவந்து பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

அவர்கள் வந்தபோது மணி பன்னிரண்டேகால். ஆக்னஸ்தான் ஓட்டிக்கொண்டு வந்தாள். வண்டியை வாசலில் நிறுத்தி, இறங்கி, நாற்காலியில் இவரைப் பார்த்ததும் திகைத்து நின்றாள். அவளுடைய கண் சிவந்திருந்தது. "சாரி சார், போன் டேஷ்போர்டுல சைலன்ட்ல இருந்துச்சு. மேல சொன்னா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க சார். ஆனா மேடம் கேட்டாங்க. என்னால முடியாதுன்னு சொல்ல முடியல." செக்யூரிட்டி குடையோடு ஒதுங்கிப் போனார். தெய்வசிகாமணி எழுந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வண்டியின் அந்தப் பக்கம் போனார். கோகிலவாணி கண்ணாடியை இறக்கியிருந்தாள். முந்தானை தோளிலிருந்து நழுவியிருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை, பொட்டு கரைந்து ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"என்னுங்க, என் சேர்ல நீங்க உக்காந்திருக்கறீங்க?"

"எங்க போனீங்க இவ்வளவு நேரம்? உசுரே போயிருச்சு எனக்கு."

"சின்னியம்பாளையத்துக்கு அந்தாண்ட ஒரு காலி மனையிடம் இருக்குது. ரோடெல்லாம் போட்டு வெச்சிருக்காங்க, ஒரு வீடுகூடக் கெடையாது. அங்க போயி, இந்தப் புள்ளையும் அங்க கல்லு நட்டுட்டு இருந்த ரெண்டு பொம்பளைகளுமாச் சேந்து என்னை அந்தப் பக்கம் மாத்தி உக்கார வெச்சாங்க." நிறுத்தி மூச்சு வாங்கினாள். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன, ஆனால் இவருக்கு ஒவ்வொன்றும் புரிந்தது. "ஓட்டினேனுங்க."

அவர் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. சோத்தாங்காலை மடக்கி அந்தாண்ட தள்ளி வெச்சுட்டேன், அது பெடல் பக்கத்துலயே வரல. இடதுகால் இன்னும் கொஞ்சம் கேக்குது, அதால பிரேக்கை மிதிச்சேன். விட்டா வண்டி அதுவா ஊருதுங்க. ஆக்சிலேட்டரே தேவையில்ல. இந்தப் புள்ள ஹேண்ட் பிரேக் பட்டன்ல வெரலை வெச்சுட்டே இருந்துது, பாவம். மூணு சுத்து. நாலாவதுல ஸ்டீரிங்கு திருப்ப முடியல, கை விட்டுப்போச்சு."

"எவ்வளவு வேகம் போனே?" என்று கேட்டார்.

"ஆறு." அவள் சிரித்தாள். "ஆறு கிலோமீட்டர். எருமை தாண்டிப் போயிருக்கும்." பிறகு சிரிப்பு நின்று, உதடு கோணியது, அதை நேராக்க அவள் கொஞ்ச நேரம் பாடுபட்டாள். "நல்ல வண்டிங்க. நான் நெனைச்சதவிட நல்ல வண்டி."

"இதையே எடுத்துரலாம் கோகிலா."

"வேண்டாமுங்க. ஓட்டிப் பாத்துட்டேன், போதும். பெருசை எழுதச் சொல்லுங்க."

"அதுல உன்னைத் தூக்கி ஏத்தோணும். ஒவ்வொருக்காவும்."

"தூக்குங்க. நான் என்ன கனமா இருக்கேன்? இன்னும் கொஞ்ச நாள்ல அதுவும் இருக்காது." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழுகாதீங்க, நடுரோட்டுல" என்றாள்.

உள்ளே கொண்டுபோய் மேசைக்கு முன்னால் அவளை நிறுத்தினார்கள். பாட்டு நின்றுவிட்டிருந்தது, நசுங்கின எலுமிச்சம்பழங்களை ஒருத்தர் கூட்டிக்கொண்டிருந்தார். தெய்வசிகாமணி சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். ஆக்னஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு அட்டையை விரித்துவைத்தாள், அதில் பதினொரு நிறம். "மேடம், முன்ன சின்ன வண்டிக்கு நீங்க சிவப்பு சொல்லியிருந்தீங்க. இதுலயும் அதே சிவப்பு வருது. போட்டுரட்டுமா?"

கோகிலவாணி அட்டையைப் பார்த்தாள். "எனக்கு வேண்டாம் கண்ணு. ஓட்டப்போறது அவரு. ரொம்ப வருஷத்துக்கு அவருதான் ஓட்டுவாரு. அவருக்கு என்ன கலர் புடிக்குமோ அதைப் போடு."

ரெண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் அட்டையைப் பார்த்தார். வெள்ளை, சாம்பல், நீலத்தில் மூன்று, ஒரு மாதிரிப் பச்சை. ரிக்குகள் கம்பெனியில் என்ன நிறத்தில் வந்ததோ அந்த நிறம். சட்டை அவள் எடுத்துக் கொடுப்பது. வீட்டுக்குச் சுண்ணாம்பு முதல் பெயிண்ட் வரை அவள் சொன்னது. ஐம்பத்து நாலு வயசில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. விரலை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தார், வைத்த இடத்தில் நிற்கவில்லை.

"எனக்கு என்ன கலர் புடிக்கும் கோகிலா?"

இருபத்தேழு வருஷத்தில் அவருக்கு என்ன பிடிக்காது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். இது தெரியவில்லை.

"தெரியலீங்களே" என்றாள். "பக்கத்துல கொண்டாங்க, ரெண்டு பேரும் பாக்கலாம்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது ரெண்டு பேர் தலையும் ஒரே உயரத்தில் இருந்தது. அட்டையை அவள் மடியில் வைத்து, விழாமல் தன் கையால் பிடித்துக்கொண்டார். ஆக்னஸ், "அவசரம் ஒண்ணுமில்ல சார், நீங்க மெதுவாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவர்கள் முதல் நிறத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.